ஏழாம் பொத்தானும் என் கட்டைவிரலும்

முப்பத்தைந்து வருஷம் வானொலியில் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருஷத்தில் என் குரல் ஒரே ஒரு தடவைதான் காற்றில் போனது. அது கத்திரிக்காயைப் பற்றி.

வெட்கக்கேடான விஷயம்தான். ஓய்வு பெற்றவன் இதையெல்லாம் மறைத்துவிட்டு, கண்ணியமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நிலையத்தில் கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். பழைய பொத்தான் பேனலைக் கழற்றி ஸ்டோருக்கு அனுப்பப் போகிறார்களாம். இளைய பொறியாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, "அந்தப் பேனல்ல முதல்ல உக்காந்தவங்கள்ல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான் சார், ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். 'மிச்சம்' என்ற சொல் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதனால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறு மாதம் வால்வுகளைத் துடைத்தேன். ஆறு மாதம் ஈயம் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பிறகு ஐந்து வருஷம் கயிறு செருகினேன். கயிறு என்றால் துணி சுற்றிய ஒயர். இரண்டு முனையிலும் பித்தளைக் குமிழ். ஸ்டுடியோவிலிருந்து வரும் பாட்டை டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்ப வேண்டுமானால் இந்தத் துளையில் ஒரு முனை, அந்தத் துளையில் ஒரு முனை. டெல்லிச் செய்தி வேண்டுமென்றால் பிடுங்கி வேறு துளை. மாலை ஆகும்போது சுவர் முழுக்கக் கயிறு தொங்கும். வெளியாள் யாராவது வந்தால் நாங்கள் ஏதோ நெசவு வேலை செய்கிறோம் என்று நினைப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவில், பேனல் வந்து இறங்கியது. சாம்பல் நிறத் தகடு. இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு பொத்தான். ஒன்றும் இரண்டும் ஸ்டுடியோக்கள், மூன்று இசைத்தட்டு, ஐந்து டெல்லி. ஏழு, வெளியிலிருந்து வரும் லைன். எங்களுக்கு அது பெரும்பாலும் ஸ்ரீரங்கம். எட்டு முதல் பன்னிரண்டு வரை எதிர்காலத்துக்கு என்று விட்டிருந்தார்கள். எதிர்காலம் கடைசிவரை வரவில்லை.

மேல் வரிசை காதுக்கு. அதில் அழுத்தினால் எங்களுக்கு மட்டும் கேட்கும். கீழ் வரிசை ஊருக்கு. அதில் அழுத்தினால் டிரான்ஸ்மிட்டர் வழியாகத் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை எல்லாவற்றுக்கும் கேட்கும். பொத்தானை அழுத்தியதும் பின்னால் இரும்பு அலமாரிக்குள் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தில் இயங்கும் சின்னக் கொக்கி, 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்துவிடலாம். அதே வரிசையில் வேறு பொத்தானை அழுத்தும்வரை அது பிடியை விடாது. ஐந்து வருஷம் கயிறு இழுத்தவனுக்கு இது சொர்க்கமாக இருந்தது. சொர்க்கத்தில் ஆள் கொஞ்சம் அசட்டையாகிவிடுகிறான்.

வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பகல் இடைவேளையில் வீணை இசைத்தட்டு போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து யூசுப் பாய் லைன் சோதனைக்குக் கூப்பிட்டார். யூசுப் பாய் எங்கள் வெளி ஒலிபரப்பு டெக்னீஷியன், பாலக்கரைக்காரர், கோயில் உற்சவம் என்றால் மைக்கைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பவர். நான் வசதியாகப் பேச வேண்டும் என்று, காற்றில் என்ன போகிறது என்று காட்டும் ரேடியோப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தேன். பிறகு மேல் ஏழை அழுத்துவதாக நினைத்துக் கீழ் ஏழை அழுத்தினேன். ரிசீவரை எடுத்தேன்.

"பாய், வரும்போது கத்திரிக்காய் ரெண்டு வீசை வாங்கிட்டு வாங்க. காம்பு பச்சையா இருக்கணும். போன தடவை வாங்கியாந்தது பூரா சொத்தை."

"சொத்தையா? உங்க வீட்ல அதை நாலு நாள் வச்சிருந்து சமைச்சா நான் என்னா பண்றது? சரி, இப்ப நான் மார்க்கெட்டுக்குப் போனா லைனை யாரு பாக்கறது?"

"நான் பாத்துக்கறேன். தேவசகாயம் சார் கேட்டா லைன்ல இரைச்சல், சரி பண்ணிட்டிருக்காருன்னு சொல்லிடறேன். அவருக்கு என்ன தெரியப்போகுது?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தன் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரோடு மூன்று ஊர்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

தேவசகாயம் சார் எங்கள் ஷிப்ட் இன்ஜினியர். ஒல்லி, உயரம், எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை; அதுதான் பயம். கடைநிலை ஊழியரைக்கூட 'நீங்க' என்பார். தினமும் காலையில் வந்ததும் சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து, இருபத்து நான்கு பொத்தானையும் ஒவ்வொன்றாகத் துடைப்பார். எதிர்காலத்துக்கு விட்ட பத்தையும் சேர்த்துத்தான்.

அன்று அவர் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்துதான் வந்தார். நேராகப் போய்க் கீழ் மூன்றை அழுத்தினார். வீணை திரும்ப வந்தது. ரேடியோப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினார்.

"மிஸ்டர் சுந்தரம், இப்ப என்ன வருது?"

"வருது சார்."

"வருதுன்னு சொல்லாதீங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க."

"வீணை வருது சார்."

"நீங்க லைனைக் கேட்டுட்டு இருந்தீங்க. ஊரு என்ன கேக்குதுன்னு கேக்கலை. நம்ம காதுல என்ன விழுதுங்கறது முக்கியம் இல்லை. அவங்க காதுல என்ன விழுதுங்கறதுதான் வேலை."

அன்று முதல் ஒரு நடைமுறை வைத்தார். பொத்தானைத் தொடும் முன் எண்ணையும் எங்கிருந்து என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அழுத்த வேண்டும். ரேடியோப் பெட்டியில் கேட்க வேண்டும். கேட்டதைச் சொல்ல வேண்டும். 'மிருதங்கம் வருது', 'பெண்குரல் வருது', 'இருமல் வருது.' ஓய்வு பெறும்வரை நான் இதைச் செய்தேன். இன்றும் வீட்டில் குழாயைத் திறந்தால் 'தண்ணி வருது' என்று வாய் முணுமுணுக்கிறது. என் மனைவி அதற்குப் பதில் சொல்வதை விட்டுப் பல வருஷமாகிறது.

எனக்கு மட்டும் தனியாக ஒரு மெமோவும், ஒரு கார்டும். கார்டைப் பேனலின் மேலேயே ஒட்டினார்: 'திரு. சுந்தரம் மறு உத்தரவு வரும்வரை ஏழாம் எண் பொத்தானைத் தொடலாகாது.' மற்றப் பதினொரு எண்களையும் தொடலாம். வெளியூர்ப் பொறியாளர்கள் பேனலைப் பார்க்க வந்தால் முதலில் இந்தக் கார்டைத்தான் படித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நேயர்களிடமிருந்து தபால் கார்டுகள் வேறு. ஒரு அம்மாள் கும்பகோணத்திலிருந்து, சொத்தை பார்த்து வாங்கும் முறையை வாரம் ஒரு நாள் ஒலிபரப்பலாமே என்று எழுதியிருந்தார்.

ஏழாம் பொத்தான் ரங்காச்சாரியின் பொறுப்புக்குப் போனது. ரங்காச்சாரி என் சக ஊழியர்; ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர். சுத்தமான கை, நிதானமான மனிதர். ரிலே அலமாரியின் சாவியும் அவரிடமே. எங்கே வைத்தாலும் தொலைகிறது என்று அதைத் தன் பூணூலில் முடிந்துகொண்டிருந்தார். குனிந்து அலமாரியைத் திறக்கும்போது ஏதோ சந்தியாவந்தனம் செய்வதுபோல இருக்கும். நான் சபதம் செய்துகொண்டேன்: என்றைக்காவது ஒரு நாள் அந்த ஏழில் நான் கை வைப்பேன், அப்போது ஒரு குற்றமும் யாரும் சொல்ல முடியாது. சபதம் செய்வதற்குச் செலவில்லை என்பதால் தினமும் செய்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆடி மாதம்.

பதினெட்டாம் பெருக்குக்காக யூசுப் பாய் காலையிலேயே ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துக்கு மைக்கோடு போயிருந்தார். கும்மிப் பாட்டு, படித்துறைக் கூட்டம், காப்பரிசி என்று அரைமணி நேர நிகழ்ச்சி எடுப்பதாகத் திட்டம். அந்த வருஷம் காவிரி திட்டத்தைக் கேட்கவில்லை. மேலே மழை, பகலுக்குள் படித்துறையின் மேல் படிவரை செம்பழுப்பாகத் தண்ணீர். மக்களை வெளியேற்றிவிட்டுப் போலீஸ் வயர்லெஸ்காரர்களும் வருவாய்த்துறை ஆட்களும் அங்கேயே முகாம் போட்டார்கள். நான் படித்த நாவல்களில் வெள்ளம் வந்தால் கதாநாயகி கரை ஒதுங்குவாள். எங்களுக்கு ஒதுங்கியவர் தாசில்தார்.

மூன்று மணிக்குப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நாலு மணி ஷிப்டுக்கு வரவேண்டிய ரங்காச்சாரி அக்கரையில் நின்றுவிட்டார், சாவியோடு.

நாலே முக்காலுக்கு யூசுப் பாய் லைனில் கூப்பிட்டார். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"சார் இருக்காங்களா? அவசரம்."

தேவசகாயம் சார் ரிசீவரை வாங்கினார். கேட்டுக்கொண்டே பென்சிலால் எழுதினார். பிறகு என்னிடம் விளக்கினார். தொட்டியத்துக்குக் கீழே ஆற்றுப்படுகையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் குடும்பங்களுக்கு மத்தியானம் தண்டோரா போட்டாகிவிட்டது: கிளம்பிக் கிழக்கே முசிறிச் சாலையில் நடங்கள், வழியில் லாரி நிற்கும். அதற்கப்புறம்தான் அந்தச் சாலை உடைந்திருக்கிறது. நடக்கத் தொடங்கினால் நேராக உடைப்பில் போய் நிற்பார்கள், பின்னால் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். கிழக்கே போகாதீர்கள், வடக்கே மேட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். தந்திக் கம்பம் சாய்ந்து டெலிபோன் இல்லை. தண்டோராக்காரன் திரும்பப் போக வழியில்லை. அங்கே மிச்சமிருப்பது பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். ஆற்றுச் செய்திக்காகச் சாயங்காலம் அதைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள்.

"தாசில்தார் அங்கிருந்தே பேசறார். வயர்லெஸ்ல தகவல் மாற மாற சொல்லணுமாம்," என்றார். பேனலைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். "நான் ரேடியோவையும் லைன் மட்டத்தையும் கவனிக்கணும். ஏழை நீங்க எடுங்க."

"சார், கார்டு…"

"கார்டு எழுதினது நான்தான். எடுங்க."

"ஏழு. ஸ்ரீரங்கம்," என்று சொல்லிக் கீழ் ஏழை அழுத்தினேன். டக். விரலை எடுத்தேன்.

மீண்டும் டக். பொத்தானுக்குள் எரிந்த விளக்கு அணைந்தது. ரேடியோப் பெட்டியில் வெறும் சீற்றம்.

திரும்ப அழுத்தினேன். "…சில்தார் பேசறேன். தொட்டியம் படுகை ஜனங்க கவனமா கேக்கணும்" என்று வந்தது. விரலைச் சற்றே தளர்த்தினேன்; சீற்றம். அழுத்தினேன், தாசில்தார். ரிலே பிடிக்கிறது, ஆனால் தானாக நிற்க மாட்டேன் என்கிறது. ஆடி மாத ஈரமோ, ரிலேக்குள் கறுத்த தகடோ, என் ஜாதகமோ, தெரியவில்லை.

"சார், விரலை எடுத்தா விட்டுடுது."

"அப்ப எடுக்காதீங்க."

இதைப் படிக்கும் இளைய பொறியாளர்கள் இப்போது, 'பின்னால் ரிலேயில் ஒரு துண்டு ஒயர் போட்டால் தீர்ந்ததே' என்பார்கள். தெரியும். அலமாரியின் சாவி காவிரிக்கு அந்தப் பக்கம், ஒரு பூணூலில் இருந்தது. பூட்டை உடைக்கலாமா என்று கேட்டேன். "சுத்தியல் பட்டா உள்ள இருக்கிற அத்தனை ரிலேயும் ஆடும். இப்ப பேசிட்டிருக்கிற மனுஷன் நடுவுல நின்னுடுவார்," என்றார். கயிறு செருகும் பழைய பலகையைப் போன வருஷம்தான் கழற்றியிருந்தோம், பெருமையோடு. தீக்குச்சியை மடக்கிப் பொத்தான் இடுக்கில் செருகிவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னேன்.

"குச்சி நழுவினா யாருக்கு மெமோ கொடுக்கறது? குச்சிக்கா?"

எனவே என் கட்டைவிரல். பத்து நிமிடம் என்று நினைத்தேன். தாசில்தார் ஒருமுறை சொல்வார், முடிப்பார் என்று. அவர் முடிக்கவில்லை. சொன்னதையே சொன்னார்: கிழக்கே போகாதீங்க, முசிறி ரோடு உடைஞ்சிருக்கு, வடக்கே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. நடுவில் வயர்லெஸ் இரையும், ஆற்று மட்டம் சொல்வார், மறுபடி முதலிலிருந்து. அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் யூசுப் பாய் மைக்கை மூடிக்கொண்டு இருமுவது மெலிதாகக் கேட்டது.

பதினைந்தாம் நிமிடம் கட்டைவிரல் வலித்தது. இருபத்தைந்தாம் நிமிடம் வலி நின்றது. அது அதைவிட மோசம், அழுத்திக்கொண்டிருக்கிறேனா என்று விரலுக்கே தெரியவில்லை. காதை வைத்துத்தான் விரலை நம்ப வேண்டியிருந்தது. தேவசகாயம் சார் ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தடவை, லைன் மட்டத்தைக் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"என்ன வருது?"

"தாசில்தார் வரார் சார். ரோடு உடைஞ்சது சொல்றார்."

"என்ன வருது?"

"மட்டம் சொல்றார் சார். இன்னும் ஏறுது."

"என்ன வருது?"

"எனக்கு மூக்குல அரிப்பு வருது சார்."

அவர் எழுந்து வந்தார். பொத்தான் துடைக்கும் அந்தக் கைக்குட்டையால் என் மூக்கை ஒரு தேய்ப்பு, நெற்றியை ஒரு தேய்ப்பு. இருபத்தைந்தாவது பொத்தானைத் துடைத்த மாதிரி இருந்தது. "கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன், விடுங்க," என்றார்.

"வேணாம் சார். விரல் மாத்தற நேரத்துல விட்டுடும்."

"உங்க விரல்மேல என் விரலை வச்சு அழுத்தறேன். நீங்க மெதுவா உருவிக்கலாம்."

நியாயமான யோசனைதான். பொறியியல்படி சரி. ஆனால் எனக்குள் இரண்டு வருஷமாக ஒட்டியிருந்த ஒரு கார்டு, முடியாது என்றது. "நானே வச்சுக்கறேன் சார்," என்றேன். இரண்டாவது கையின் கட்டைவிரலை முதல் விரல்மேல் வைத்து நின்றேன். அவர் தன் நாற்காலியை என் பின்னால் நகர்த்தி வைத்தார். உட்கார்ந்தால் கோணம் மாறும் என்று நான் உட்காரவில்லை. அது மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம்.

மணி ஆறை நெருங்கியது. ஆறுக்கு டெல்லிச் செய்தி. அது எழுதி வைத்த விதி. எது போய்க்கொண்டிருந்தாலும் முள் பன்னிரண்டைத் தொடும்போது ஐந்தாம் பொத்தான். ஒரு வித்துவான் ராகத்தின் உச்சியில் இருந்தபோதுகூட நான் ஐந்தை அழுத்தியிருக்கிறேன். தாசில்தார் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார்: "தொட்டியம் படுகை ஜனங்க…"

"சார், டெல்லி. இன்னும் அரை நிமிஷம்."

தேவசகாயம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தொன்பது வருஷ சர்வீசில் ஒரு டெல்லிச் செய்தியையும் தவறவிடாதவர். அடுத்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என் இடது கட்டைவிரல் வலதின்மேல் இருந்தது. அதை எடுத்து ஐந்தில் வைக்க அரைக் கணம் போதும். மரத்த விரலும் விடுபடும், விதியும் நம் பக்கம்.

"என்ன வருது?" என்றார்.

"கிழக்கே போகாதீங்கன்னு வருது சார்."

"எடுக்காதீங்க."

முள் பன்னிரண்டைத் தாண்டியது. அவர் பதிவேட்டை இழுத்தார். வழக்கமாக முதலில் பென்சிலால் எழுதி, படித்துப் பார்த்து, பிறகு மையால் எழுதுபவர், அன்று நேராகப் பேனாவை எடுத்தார். 'ஆறு மணி டெல்லிச் செய்தி எடுக்கவில்லை. என் உத்தரவு.' கையெழுத்து. என் பெயர் அதில் எங்குமில்லை.

ஆறு ஐந்துக்குத் தாசில்தார் சொல்லி முடித்தார். யூசுப் பாய் குரல் லைனில், "முடிஞ்சுதுங்க சார். படுகை ஜனங்க வடக்கே திரும்பிட்டாங்கன்னு இப்பத்தான் வயர்லெஸ்ல வருது, அல்ஹம்துலில்லாஹ்," என்றது. அதுவும் ஊருக்குக் கேட்டது. நான் இன்னும் விரலை எடுக்கவில்லை.

எடுக்கச் சொன்ன பிறகும் உடனே எடுக்க முடியவில்லை. விரலில் ஏழு என்ற எண் பள்ளமாகப் பதிந்திருந்தது. வருகைப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து அந்த வாரம் முழுவதும் கள்ளக் கையெழுத்துபோல இருந்தது. தேவசகாயம் சார் பேனலிலிருந்து கார்டை நகத்தால் சுரண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கார்டை எடுத்தாச்சு. மெமோ ஃபைல்ல இருக்கும்," என்றார். அவருக்கும் ஒரு மெமோ வந்தது, மேலிடத்திலிருந்து. இரண்டு வரியில் பதில் எழுதினார். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளத்துக்கு மிஞ்சிய வாழைக்காயைக் காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றிவந்த தொட்டியத்து விவசாயி ஒருவர் ஒரு சீப்பு பழத்தோடு நிலையத்துக்கு வந்தார். தேவசகாயம் சார் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன். கட்டைவிரலையும் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டுதான் போனேன்.

"மொதல்ல நம்பலைங்க," என்றார் அவர். "மத்தியானம் கெழக்கேன்னாங்க. சாயங்காலம் வடக்கேங்கறாங்க. பாதிப் பேரு மூட்டையோட ரோட்டுக்கு ஏறிட்டோம். ஆனா நிறுத்தாம அதையே சொல்றாங்களே, சும்மா சொல்லுவாங்களான்னு நின்னு கேட்டோம். மணி ஆறும் ஆயிட்டுது, எப்பவும் வர்ற டெல்லி நியூசைக்கூடக் காணோம், அப்பவும் அந்த மனுசன்தான் பேசறாரு. அப்பறம்தாங்க பயம் வந்து வடக்கே திரும்பினோம். ஒரு உசுரு போகலை."

தேவசகாயம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைக்குட்டையை எடுத்தார். துடைக்க அங்கே பொத்தான் எதுவும் இல்லை. பிறகு என்னைக் காட்டி, "அன்னிக்கு எழுபது நிமிஷம் கை எடுக்காம பொத்தானைப் பிடிச்சிருந்தவர் இவர்தான்," என்றார்.

"பொத்தானுங்களா? நல்லதுங்க," என்றார் விவசாயி, மரியாதைக்காக. "தாசில்தார் அய்யாவை நேர்லயே பாத்துக் கும்பிட்டாச்சு. இங்க இன்னொருத்தரைப் பாக்கணும்னுதான் வந்தேன். ரெண்டு வருசம் முந்தி ரேடியோவுல கத்திரிக்கா வாங்கியாரச் சொன்னாரே, அவரு இன்னும் வேலையில இருக்காருங்களா?"

தேவசகாயம் சார் சிரிக்கவில்லை. விரலை மட்டும் மறுபடி என் பக்கம் நீட்டினார்.

விவசாயி பழச்சீப்பை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் மலரக் கேட்டார்:

"நீங்கதானுங்களா! அந்தக் கத்திரிக்கா கடைசியில வந்து சேந்துச்சுங்களா, இல்லையா? ஊர்ல இன்னிவரைக்கும் அதே பேச்சா இருக்குதுங்க."